எடை வர வேண்டிய எடத்துல ரேட்டு: நண்டு வாடி பில் மெஷினும் வாயே தொறக்காத கம்பைலரும்

நேத்து சாயங்காலம்தான் மாமாவோட பில் மெஷின்ல கடைசி சீட்டு சரியா வந்துச்சு, அந்த சூட்டோட எழுதிடுறேன், ரெண்டு நாள் விட்டா எந்த வழியில எங்க தப்பா போனேன்ங்கறது மறந்துரும்.

ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம் ஊருக்கு இங்கிட்டு வேதாளை பக்கம் எங்க மாமாவுக்கு ஒரு வாடி (நண்டு வாங்கி எடை போடுற கொட்டகை) இருக்கு. வடகடல்ல (பாக் நீரிணைப் பக்கம்) வல்லத்துல (நாட்டுப்படகுல) நண்டு வலை போடுறவங்க வெள்ளன கரைக்கு வந்ததும் கூடையோட அங்க வருவாங்க, மாமா தரம் பிரிச்சு எடை போட்டு சீட்டு எழுதி காசு கொடுப்பாரு, மத்தியானம் கம்பெனி வண்டி வந்து மொத்தமா ஏத்திக்கிட்டுப் போகும். கம்பெனிக்காரங்க மாமாவுக்கு கொடுக்கற கமிஷன் மொத்த எடை மேலதான். அதனால சீட்டுல கீழ வர்ற மொத்த எடைதான் அவரோட சோறு. ஈரக்கையோட நோட்டுல எழுதி எழுதி தாளே கிழிஞ்சு போகுதுன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருந்தாரு, இந்தத் தடைக்காலத்துல (ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, வல்லம் மட்டும்தான், அதனால கூட்டம் கம்மி) செஞ்சு கொடுத்துரலாம்னு ஆரம்பிச்சேன்.

மெஷின் புதுசு இல்ல. பஸ் கண்டக்டர் கையில வச்சிருப்பாரே, அந்த மாதிரி கையடக்க டிக்கெட் மெஷின், மதுரையில செகண்ட் ஹேண்ட்ல 2,600 ரூபாய்க்கு கெடச்சுச்சு. ரெண்டு இஞ்ச் தெர்மல் பிரிண்டர், நம்பர் கீபேட், சீரியல் போர்ட், பேட்டரி எல்லாம் உள்ளயே இருக்கு. வாடியில இருக்கற 100 கிலோ பிளாட்ஃபார்ம் தராசுக்குப் பின்னாடி ஆர்எஸ்-232ங்கற சீரியல் அவுட்புட் இருக்கு, 9600 பாட் வேகத்துல எடையை அனுப்பிக்கிட்டே இருக்கும். ரெண்டையும் ஒரு கேபிள் போட்டு இணைச்சா ரேட்டை அடிச்சு, கூடையை வச்சு, பட்டனை அமுக்குனா சீட்டு வந்துரும். ஹார்டுவேர் வேலை ஒரே நாள்ல முடிஞ்சது, அதைப் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல.

மெஷினுக்குள்ள ஓடுற புரோகிராம் எழுத மெஷினைச் செஞ்ச கம்பெனி கொடுத்த எஸ்டிகே (புரோகிராம் எழுதற கருவித் தொகுப்பு) மட்டும்தான் வழி. அதுல வர்ற கம்பைலர், அதாவது நாம எழுதுற கோடை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்துறது, சி பிளஸ் பிளஸ் மொழியோட 1998 விதிக் காலத்துது. 2011-லயும் அதுக்கு அப்புறமும் மொழிக்குள்ள வந்த எதுவும் அதுல கெடையாது. ஒவ்வொரு தடவையும் மாத்தி எழுதி மெஷின்ல ஏத்த நாலு நிமிஷம் ஆகும். இந்த நாலு நிமிஷம்தான் என்னை அடிக்கடி டெஸ்ட் பண்ணவிடாம சோம்பேறியாக்குச்சுன்னு இப்ப நல்லா தெரியுது.

இப்ப புரோகிராம் கோடு. எடைன்னு ஒரு கிளாஸ் (தகவலையும் அதுக்கான வேலையையும் சேர்த்து வைக்கற அச்சு), உள்ள கிராம் கணக்குல ஒரு லாங் (பெரிய முழு எண்). ரேட்டுன்னு ஒரு கிளாஸ், உள்ள கிலோவுக்கு எத்தனை பைசான்னு ஒரு லாங். ரெண்டுலயும் ஆபரேட்டர் லாங் எழுதி வச்சேன், அதாவது அந்தக் கிளாஸ்ல உருவாகற ஆப்ஜெக்டை லாங் கேக்குற எடத்துல அப்படியே கொடுத்தா தானா நம்பரா மாறிக்கும். அப்புறம் சீட்டுல ஒரு வரிக்கு எடையும் உண்டு ரேட்டும் உண்டுன்னு, வரிங்கற கிளாஸை எடை, ரேட் ரெண்டுலருந்தும் இன்ஹெரிட் பண்ணிட்டேன், அதாவது அந்த ரெண்டுல இருக்கறதெல்லாம் வரிக்கும் வந்துரும், அந்த ரெண்டும் வரியோட பேஸ் கிளாஸ். எடையோட கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது தானா ஓடுறது) தராசுலருந்து படிக்கும், ரேட்டோட கன்ஸ்ட்ரக்டர் கீபேடுலருந்து வாங்கும். எழுதும்போது ரொம்ப அழகா இருந்துச்சு. மொத்த எடைக்கு சேர்-னு ஒரு ஃபங்ஷன், அது லாங் வாங்கும், அதுக்கு வரியை அப்படியே கொடுத்தேன்.

இங்கயே கம்பைலர் நிறுத்தியிருக்கணும். வரியை லாங்கா மாத்தச் சொன்னா எடைகிட்டருந்து வந்த ஆபரேட்டர் லாங்கும் இருக்கு, ரேட்டுகிட்டருந்து வந்ததும் இருக்கு, ரெண்டும் சரிசமம், எதை எடுக்கறதுன்னு முடிவு பண்ண வழியே இல்ல. மொழியோட விதிப்படி இது எரர். அந்தக் கம்பைலர் எரரும் சொல்லலை, வார்னிங்கும் சொல்லலை, எடையை எடுத்துக்கிச்சு. நானும் எடைதான் வரும்னு நெனச்சேன், அதுவும் எடைதான் கொடுத்துச்சு, அதனால மூணு வாரம் மெஷின் நல்லாவே ஓடுச்சு.

அப்புறம் மாமா ஒரு மாத்தம் கேட்டாரு. கூடையை வைக்கறதுக்கு முன்னாடியே ரேட்டை அடிச்சிரணும், கூடையை வச்சுக்கிட்டு கீபேடைத் தட்டிக்கிட்டு இருந்தா தண்ணி வடிஞ்சு எடை கொறையுதுன்னு சண்டைக்கு வர்றாங்கன்னாரு. நியாயம்தான். பேஸ் கிளாஸ்களோட கன்ஸ்ட்ரக்டர் எந்த வரிசையில ஓடும்னா, அறிவிச்ச வரிசையில ஓடும். அதனால "எடை, ரேட்"னு இருந்ததை "ரேட், எடை"னு மாத்திட்டேன், ஒரே வரி மாத்தம், ஏத்துனேன், ரேட்டு முதல்ல கேட்டுச்சு, சந்தோஷமா வீட்டுக்கு வந்துட்டேன். ஒரு சீட்டு முழுசா அடிச்சுப் பார்க்கலை.

மறுநாள் ஏழு மணிக்கு மாமா போன். "மாப்ள, மொத்த எடை கன்னாபின்னான்னு வருது, தராசு போச்சு போல." தராசுன்னு அவர் சொன்னதும் என் மனசு தராசுலயே நின்னுபோச்சு. போய்ப் பார்த்தா சீரியல் கனெக்டர் பின் எல்லாம் பச்சை பூத்துக் கெடக்கு. உப்புக்காத்துல இந்தக் கரையில எந்த செம்பும் தப்பாது. இதுதான்யா காரணம்னு 140 ரூபாய்க்கு ஐசோபுரொபைல் ஆல்கஹால் வாங்கி, பழைய பல்லு பிரஷ்ஷால பின்னு பின்னா தேச்சு, 180 ரூபாய்க்கு புதுக் கேபிள் போட்டு, கனெக்டர் மேல வாஸ்லின் தடவி, மேல பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுத்திக் கட்டினேன். மத்தியானம் ஆகிப்போச்சு. (அந்த வேலை வீண் போகலை, எப்படியும் செய்ய வேண்டியதுதான். ஆனா அன்னைக்கு அது வியாதிக்கு மருந்து இல்ல.)

மறுநாளும் அதே போன். இந்தத் தடவைதான் சீட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க மாமான்னு கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்கணும். சீட்டுல இருந்தது இது: முதல் தரம் 7.200 கிலோ, 420 ரூபாய், 3,024.00. ரெண்டாம் தரம் 3.650 கிலோ, 260 ரூபாய், 949.00. உடைசல் 1.600 கிலோ, 150 ரூபாய், 240.00. தொகை 4,213.00. மொத்த எடை 83.000 கிலோ.

வரிக்கு வரி எடை சரி. தொகையும் சரி. மொத்த எடை மட்டும் 83 கிலோ, வர வேண்டியது 12.450. தராசு தப்பா இருந்தா வரியில இருக்கற எடையும் தப்பாத்தானே இருக்கும், அப்ப தராசுல ஒண்ணும் இல்லங்கறது சீட்டைப் பார்த்த அஞ்சாவது செகண்ட்ல தெரிஞ்சுபோச்சு, ஒரு முழு நாள் கேபிள்ல போனதுக்கு அப்புறம்.

அடுத்து ஓவர்ஃப்ளோன்னு சந்தேகப்பட்டேன். அந்த மெஷின்ல இன்ட்ங்கற சின்ன முழு எண் 16 பிட்தான், 32,767-க்கு மேல தாங்காது. எங்கயோ லாங்குக்கு பதிலா இன்ட் போட்டிருப்பேன்னு கோடு முழுக்க இன்ட்னு தேடித் தேடி லாங்கா மாத்திக்கிட்டே இருந்தேன், ராத்திரி பதினோரு மணி வரைக்கும். ஏத்திப் பார்த்தா அதே 83.000. ஓவர்ஃப்ளோ ஆனா இப்படி முட்டை முட்டையா முடியற நம்பர் வராது, மைனஸ்ல போகும், இல்ல ஒழுங்கில்லாத ஒரு நம்பர் வரும். அந்த மூணு முட்டையைப் பார்த்தப்பவே நான் யோசிச்சிருக்கணும்.

கண்டுபிடிச்சது நான் இல்ல. மூணாவது நாள் வாடியில உக்காந்து பார்த்துக்கிட்டு இருக்கேன், ஒரு அக்கா முதல் தரம் மட்டும் ஒரே கூடை கொண்டாந்தாங்க, 9.300 கிலோ, தொகை 3,906.00. மொத்த எடை 42.000-னு வந்துச்சு. அந்தக்கா சீட்டை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "தம்பி, ரேட்டு நானூத்தி இருபது, எடை நாப்பத்திரண்டா? புள்ளி மாறி நிக்குதுப்பா, ரெண்டும் ஒரே நம்பருதானே" அப்படின்னாங்க. கையிலருந்த டீயைக் கீழ வச்சுட்டேன். 420 ரூபாய்னா 42,000 பைசா. 42,000-ஐ கிராமுன்னு நெனச்சு அச்சடிச்சா 42.000 கிலோ. முந்தின நாள் சீட்டுல 420, 260, 150 கூட்டுனா 830, அதான் 83.000. மெஷின் மூணு நாளா எடையைக் கூட்டவே இல்ல, ரேட்டைக் கூட்டிக்கிட்டு இருந்துச்சு.

பேஸ் வரிசையை மாத்தினதுதான் காரணம்னு அங்கயே பொறி தட்டுச்சு. வீட்டுக்கு வந்து பதினாலு வரியில சின்னதா ஒரு டெஸ்ட் எழுதினேன்: ரெண்டு பேஸ், ரெண்டுலயும் ஆபரேட்டர் லாங், ஒண்ணு 1 கொடுக்கும், இன்னொண்ணு 2 கொடுக்கும், ரெண்டையும் இன்ஹெரிட் பண்ற ஒரு கிளாஸ், அதை ஒரு லாங்குல போடுறேன். லேப்டாப்புல ஜி பிளஸ் பிளஸ்ங்கற கம்பைலர்ல போட்டேன், எரர், மாத்தம் தெளிவா இல்லன்னு. கிளாங்-ங்கற இன்னொரு கம்பைலர்ல போட்டேன், அதுவும் எரர். மெஷின் கம்பைலர்ல போட்டேன், சத்தமே இல்லாம முடிஞ்சுது, மெஷின் திரையில 1. பேஸ் வரிசையை மாத்திப் போட்டேன், 2. அந்த 2-ஐ ஒரு நிமிஷம் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன், கோபம் கோபமா வந்துச்சு.

இதோட எல்லை எதுவரைன்னு தெரிஞ்சுக்கணும்னு இன்னும் மூணு டெஸ்ட் போட்டேன், ஒவ்வொண்ணும் நாலு நிமிஷம். முதல்ல, ஒரு பேஸ் லாங்கா மாறும், இன்னொண்ணு டபுளா (புள்ளி வச்ச நம்பரா) மாறும்னு வச்சேன். டபுள் கேட்டா ரெண்டாவதைத்தான் எடுக்கணும், சரியா எடுத்துச்சு, வரிசையை மாத்தினாலும் அதையே எடுத்துச்சு. ஆக அதுக்கு தரம் பிரிக்கத் தெரியுது. அதே ஜோடிகிட்ட ஃபுளோட் (இன்னொரு வகை புள்ளி நம்பர்) கேட்டேன், லாங்குலருந்து ஃபுளோட்டுக்கும் டபுள்லருந்து ஃபுளோட்டுக்கும் போறது விதிப்படி ஒரே தரம், அதனால எரர் வரணும், ஜி பிளஸ் பிளஸ் எரர் சொல்லுச்சு, இது முதல்ல அறிவிச்ச பேஸை எடுத்துக்கிச்சு. மூணாவது டெஸ்ட்ல ஆபரேட்டரை எடுத்துட்டு ரெண்டு பேஸ்லயும் மதிப்புன்னு ஒரே பேர்ல சாதாரண ஃபங்ஷன் வச்சேன், அதைக் கூப்பிட்டா மெஷின் கம்பைலரே கரெக்டா எரர் சொல்லுது! அப்ப பேரு சொல்லிக் கூப்பிட்டா மோதலைக் கண்டுபிடிக்குது, பேரு சொல்லாம தானா நடக்கற மாத்தத்துல சமமா ரெண்டு வந்தா மட்டும் முதல்ல நின்னதைத் தூக்கிக்குது. எனக்கு வேண்டிய தகவல் இதுதான்.

அடுத்தது சரி பண்றது. இதுலயும் ரெண்டு தடவை தப்பு வழியில போனேன்.

முதல்ல, எடைக்கும் ரேட்டுக்கும் பொதுவா அளவுன்னு ஒரு பேஸ் வச்சு ஆபரேட்டர் லாங்கை அதுல மட்டும் வைக்கலாம்னு பார்த்தேன். சாதாரணமா இன்ஹெரிட் பண்ணா வரிக்குள்ள அளவு ரெண்டு தடவை உக்காந்துக்குது, மோதல் அப்படியேதான் இருக்கு. விர்ச்சுவலா பண்ணா ஒரே அளவுதான், ஒரே லாங்தான், எடையும் ரேட்டும் ஒண்ணு மேல ஒண்ணு எழுதிக்கும். அரை மணி நேரத்துல அழிச்சுட்டேன்.

ரெண்டாவது, வரிக்குள்ளயே ஒரு ஆபரேட்டர் லாங் எழுதி எடையோட மதிப்பைத் திருப்பிக் கொடுத்தேன். இது வேலை செஞ்சுது, ஏன்னா அதே டைப்புக்கு மாத்துற ஆபரேட்டரை டிரைவ்டு கிளாஸ்ல (இன்ஹெரிட் பண்ற கிளாஸ்ல) எழுதினா பேஸ்ல இருக்கறது மறைஞ்சிரும். ராத்திரி இதோட விட்டுரலாம்னுதான் நெனச்சேன். படுத்துக்கிட்டே யோசிச்சப்பதான் பயம் வந்துச்சு: டைப் ஒண்ணா இருந்தாத்தானே மறையும்? நாளைக்கு ரேட்டை நான் லாங்குலருந்து இன்ட்டா மாத்தினா, ரேட்டோட ஆபரேட்டர் இன்ட் மறையாது. யாராவது வரியை ஒரு இன்ட்டுல போட்டா ரேட்டுதான் போகும், அது விதிப்படி சரியும்கூட, ஜி பிளஸ் பிளஸ்-ம் சேர்த்து எந்தக் கம்பைலரும் வாயே தொறக்காது. அப்ப தப்பு கம்பைலர் மேல பாதின்னா, கிராமும் பைசாவும் பேரே சொல்லாம வெறும் நம்பரா மாறலாம்னு விட்ட என் டிசைன் மேல மீதி பாதி. காலைல எழுந்ததும் அதையும் அழிச்சேன்.

கடைசியா செஞ்சது எல்லா தானியங்கி மாத்தத்தையும் தூக்கறது. எடைக்கு கிராம்-னு ஒரு ஃபங்ஷன், ரேட்டுக்கு பைசா-ன்னு ஒரு ஃபங்ஷன், அவ்வளவுதான். இப்ப இருக்கற கம்பைலரா இருந்தா ஆபரேட்டருக்கு முன்னாடி எக்ஸ்பிளிசிட்னு போட்டாப் போதும், கேக்காம மாறாது, ஆனா அது 2011-லதான் மொழிக்குள்ள வந்துச்சு, இந்த மெஷினுக்குக் கெடையாது.

கஷ்டம் என்னன்னா கோடு முழுக்க எங்கெங்க தானா மாறுதுன்னு கண்ணால தேட முடியாது, எழுத்துல ஒண்ணுமே தெரியாதே. அதுக்கு ஒரு பழைய உத்தி கைகொடுத்துச்சு: வரிக்குள்ள பிரைவேட்ல ஆபரேட்டர் லாங்கை அறிவிச்சு வச்சேன், பாடி (அது செய்யற வேலை) எழுதலை. இப்ப வெளியிலருந்து எவன் வரியை லாங்கா மாத்தினாலும் இதுதான் முன்னாடி வந்து நிக்கும், பிரைவேட்டுங்கறதால எரர். மெஷின் கம்பைலர் இதை ஒழுங்கா மதிச்சுது, 9 எடம் வரிசையா வந்து விழுந்துச்சு. எல்லாத்தையும் சரி பண்ணினதும் கம்பைல் ஆயிருச்சு, ஆனா லிங்கர் (கம்பைல் ஆனதையெல்லாம் ஒண்ணா கோக்கற புரோகிராம்) ரெண்டு புகார் சொல்லுச்சு, அது வரி கிளாஸோட சொந்த ஃபங்ஷனுக்குள்ள நடந்த மாத்தம், உள்ள இருக்கறவனுக்கு பிரைவேட் தடையில்ல, பாடி இல்லாததால லிங்கர்ல மாட்டிக்கிச்சு. மொத்தம் 11 எடம். அதுல மூணு எடம் எனக்கு ஞாபகத்துலயே இல்ல, ஒண்ணு நாள் முடிவுல கம்பெனிக்குப் போற கணக்குல இருந்துச்சு, அதைப் பார்த்ததும் வயித்தைக் கலக்கிருச்சு.

அதுக்கப்புறம் இன்ஹெரிட்டன்ஸையும் எடுத்துட்டேன், வரிக்குள்ள எடையும் ரேட்டும் மெம்பரா இருக்கு. தராசு படிக்கறதையும் கீபேட் வாங்கறதையும் கன்ஸ்ட்ரக்டர்லருந்து வெளியே எடுத்து, முதல்ல ரேட்டை வாங்கு, அப்புறம் எடையைப் படின்னு ரெண்டு வரியா எழுதிட்டேன். இனிமே எவனாவது மேல கீழ மாத்தினாலும் அறிவிப்பு வரிசை எதையும் ஆட்டாது.

இன்னொண்ணு, மெஷின் கோடு முழுசையும் இப்ப லேப்டாப்புல ஜி பிளஸ் பிளஸ் வழியாவும் ஒரு தடவை ஓட்டறேன். 98 ஸ்டாண்டர்டுன்னு சொல்லி, எல்லா வார்னிங்கும் போட்டு, சின்டாக்ஸ் மட்டும் பாருன்னு. எஸ்டிகேயோட பிரிண்டர், கீபேட் ஹெடர்களுக்கு பதிலா வெறும் அறிவிப்பு மட்டும் இருக்கற பொம்மை ஹெடர் எழுத ஒன்றரை மணி நேரம் ஆச்சு. ஓட்ட ரெண்டு செகண்ட்கூட ஆகாது. பழைய கோடை இதுல போட்டுப் பார்த்தேன், அந்த சேர் ஃபங்ஷனைக் கூப்பிட்ட எடத்தையே நேராக் காட்டுச்சு. இதை ஆரம்பத்துலயே பண்ணியிருந்தா கேபிளும் இல்ல, ராத்திரி பதினோரு மணியும் இல்ல. எஸ்டிகே கொடுத்தவங்களுக்கு பதினாலு வரி டெஸ்ட்டோட மெயில் போட்டேன், பதில் வரலை, அந்த மாடலை நிறுத்திட்டாங்கபோல.

செலவுக் கணக்கு: மெஷின் 2,600, யுஎஸ்பி சீரியல் கன்வெர்டர் 350, கேபிள் 180, ஆல்கஹால் 140, டெஸ்ட் சீட்டுக்கே பேப்பர் ரோல் ஆறு போச்சு, ரோல் 18 ரூபாய், 108. ஆக 3,378. நாலு நாள் என் நேரம் தனி. அந்த மூணு நாள் தப்பு எடையை மாமா நோட்டுல வரிக்கு வரி திரும்பக் கூட்டி கம்பெனிகிட்ட திருத்திக் கொடுத்தாச்சு, வரியில இருந்த எடை சரியா இருந்ததால தப்பிச்சோம்.

அடுத்த தடவை இந்த மாதிரி எழுதினா வரியோட எடை, மொத்த எடை ரெண்டையும் ஒரே ஃபங்ஷன் வழியாத்தான் எடுப்பேன், தொகைக்கு ஒரு வழி மொத்தத்துக்கு ஒரு வழின்னு வச்சதாலதான் பாதி சரி பாதி தப்புன்னு வந்து கொழப்பிருச்சு. மெஷின்லயும் ஒரு காவல் போட்டிருக்கேன்: ஒரு கூடை 100 கிலோவுக்கு மேலன்னு வந்தா சீட்டு அடிக்காது, தராசே அதுக்கு மேல தாங்காதே. 83-ஐ அது பிடிச்சிருக்காதுதான், இருந்தாலும் இருக்கட்டும்.

இன்னைக்கு வெள்ளனயே போய் உக்காந்தேன், 41 சீட்டு ஓடுச்சு, ஒவ்வொண்ணுலயும் மொத்த எடையைக் கையால கூட்டிப் பார்த்தேன், 41-ம் ஒத்துப் போச்சு. அந்தக்கா வந்தாங்க, சீட்டை அதே மாதிரி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு "இப்ப சரியா இருக்கு"ன்னு மடிச்சு சுருக்குப் பையில வச்சுக்கிட்டாங்க. தொண்டியில இருக்கற மாமாவோட பங்காளி வாடிக்கு ரெண்டாவது மெஷின் ஒண்ணு கேக்குறாரு, மதுரைக்கு ஞாயித்துக்கிழமை போகணும்.